கலிங்கு தாண்டிய மீன்

கோபம் வந்தால் ஜெயசுதாவின் சமையல் இன்னும் ருசிக்கும் என்பான் அவள் புருஷன் அறிவரசன். அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

முந்தின நாள் சாயங்காலம், ஏரிக் காவலுக்கு இருக்கும் தங்கசாமி, ஓடையில் மீன் பிடித்த ஜெயசுதாவின் ஒன்பது வயது மகள் முத்தமிழின் தூண்டிலைப் பிடுங்கி ஒடித்துப் போட்டுவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே ஓடிவந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இனிமே ஓடைப் பக்கமே போவ மாட்டேம்மா" என்று அவள் சொன்னதுதான் ஜெயசுதாவுக்குத் தாங்கவில்லை. தூண்டில் போனால் போகட்டும். ஒரு ஆள் அதட்டினார் என்பதற்காக ஓடையையே விட்டுக்கொடுப்பதாவது!

ஏரி மீன் குத்தகைக்காரருடையது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால், தண்ணீரோடு ஓடைக்கு இறங்கிய மீன் பிடிப்பவருக்குத்தான். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்த வருஷம் குத்தகைக்காரர் கலிங்கை மறித்து வலை கட்டினார். ஊர் பொறுத்துக்கொண்டது. இப்போது ஓடையும் என்னுடையது என்கிறார். பெரிய பெரிய மீசைகளெல்லாம் டீக்கடையில் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டன.

"கடையில மீன் வாங்கித் தரேன், வுடு ஜெயா" என்றான் அறிவரசன்.

"மீனுக்காவா போறேன்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். முத்தமிழ் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். ஜெயசுதா விடவில்லை.

ஓடைக் கரையில் நின்ற நொச்சியில் ஒரு குச்சியை வெட்டி, இலையை உருவி, நுனியில் நைலான் தூண்டில் நரம்பைக் கட்டினாள். தக்கை கிடையாது, ஈயம் கிடையாது. முள்ளில் ஒரு ஈசல், அவ்வளவுதான். மண்புழு மாட்டினால் அடியில் கிடக்கும் கெளுத்தி வரும். மேலே துள்ளித் திரியும் கெண்டைக்கு ஈசல்தான் வேண்டும், அதுவும் தண்ணீரோடு தன் போக்கில் மிதந்து வருகிற ஈசல்.

"இழுக்காத. தண்ணி கொண்டுபோவட்டும். நரம்பு வெறைப்பா நின்னா ஈசல் தண்ணியக் கிழிச்சுக்கிட்டு வரும். எந்த ஈசலாவது அப்படி நீந்துமா? கெண்டைக்குத் தெரிஞ்சிடும்."

முத்தமிழின் முதல் வீச்சு நொச்சியில் மாட்டியது. அடுத்தது அம்மாவின் சேலையில். அதற்கடுத்தது நல்லபடியாகத்தான் விழுந்தது. ஆனால் பிள்ளையின் கண் கரைமேட்டில் இருந்தது. கெண்டை வந்து ஈசலைத் தின்றுவிட்டுப் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

"அங்க என்ன பார்வை?"

"அவரு வந்துட்டாருன்னா?"

"வரட்டும். நான் பேசிக்கிறேன். நீ ஈசலப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளே படபடப்புதான். இன்றைக்கும் அழுதுகொண்டு திரும்பினால் பிள்ளை ஓடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அப்புறம் எவன் அதட்டினாலும் ஒதுங்கிப் போகப் பழகிவிடுவாள்.

தங்கசாமி வந்தே விட்டார். பைக்கை மேட்டில் நிறுத்தும்போதே குரல் கேட்டது.

"ஏம்மா, நேத்தே புள்ளைக்கிட்ட சொல்லி அனுப்புனேன்ல? எடு தூண்டில!"

"கலிங்குக்குக் கீழ உங்க முதலாளிக்கு என்னண்ணே வேலை? மழையையும் குத்தகைக்கு எடுத்துட்டாரா?"

"பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்..."

"பாக்காதீங்க! நேத்து சின்னப் புள்ளையாச்சேன்னு பாத்தீங்களா? இந்தக் குச்சியையும் ஒடிங்க. கரை முழுக்க நொச்சிதான் நிக்குது. நீங்க ஒடிக்க ஒடிக்க நான் வெட்டிக்கிட்டே இருக்கேன். யாரு கை வலிக்குதுன்னு பாத்துருவோம்."

அவர் சரிவில் இறங்கினார். ஜெயசுதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்! மீன் வருது!"

முத்தமிழ்தான். முழங்கால் தண்ணீரில் நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கசாமி சரிவிலேயே நின்றுவிட்டார்.

ஈசலுக்குக் கீழே தண்ணீர் சுழித்தது. பிள்ளை சுண்டினாள். விரல் நீளக் கெண்டை ஒன்று துடித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கழற்றித் தூக்குவாளியில் போட்டாள்.

"அதக் குடு பாப்பா" என்றார் தங்கசாமி. குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"இது ஓடை மீனு மாமா" என்ற முத்தமிழ், பார்வையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினாள். "அம்மா, இன்னொரு ஈசல் குடு."

ஜெயசுதா சிரித்துக்கொண்டே, இருப்பதிலேயே பெரிய ஈசலாகப் பொறுக்கி அந்தக் கையில் வைத்தாள்.