எட்டாம் நம்பர் வீட்டுப் புகை

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் காரணமில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியார்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளைக்குப் பழி வந்தால் பங்குக்கு ஒரு ஆள் வேண்டும்.

போன மாதம் மேல் லயத்து வீட்டு வரிசையில் ஒரு குடும்பம் தைப்பூசத்துக்குப் போயிருந்தது. திரும்பி வருவதற்குள் யாரோ பித்தளைச் சாமான் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். துரை கிராணியாரைக் கூப்பிட்டு ஏசினார். கிராணியார் என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, வெளியூரு போறவங்க வீட்ட எப்படிப் பத்திரமா வச்சிட்டுப் போகணும்னு பத்து விதி எழுதிக் குடுங்க. காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப எல்லாரையும் நிக்க வச்சுப் படிச்சுடலாம்" என்றார்.

காஹாங்கிலிருந்து நாலு கட்டை தூரம் உள்ளே தள்ளி இருக்கும் இந்தக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குத்தான் உண்டு. என் பெயர் சதாசிவம். கீழ் லயத்தில் பத்தாம் நம்பர் வீடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்.

எழுத உட்கார்ந்தேன்.

விதி ஒன்று: கதவை நல்ல பூட்டாகப் போட்டுப் பூட்டவும்.

விதி இரண்டு: ஊருக்குப் போகும் செய்தியை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்.

மை காய்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம்தான் எட்டாம் நம்பர் வெள்ளையம்மா, தான் ஊருக்குப் போகப்போகும் செய்தியைத் தன் வீட்டு அண்டாவிடம் சொல்லியிருந்தாள். லயம் முழுவதும் கேட்டது. விதிகள் அங்கேயே நின்றுவிட்டன. அதே தாளைத் திருப்பிப் போட்டு இதை ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "கித்தா மரங்களுக்கு மேலே நிலவு பாலைப் பொழிந்து—"

வேண்டாம். எங்கள் ஊரில் பால் என்றால் மரத்திலிருந்து வடித்து வாளியில் சேர்த்து, தூக்க முடியாமல் தூக்கி, நிறுவைக்குக் கொண்டுபோவது. நிலவு பொழிந்தால் யார் நிறுப்பது?

இரண்டாம் தொடக்கம்: "மானிட வாழ்வில் பூட்டு என்பது யாது?" இது வகுப்பறைக் குரல். அடித்துவிட்டேன்.

லயத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் ஒழுங்கு. ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் பத்து வீடு. வீடு என்பது ஒரு அறையும் மூலையில் ஒரு அடுப்பும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அது ஒரு ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரை வெறும் வெளி. காற்றோட்டத்துக்காக என்று கட்டினவர்கள் சொன்னார்களாம். காற்று ஓடுகிறது. கருவாட்டு வாசனையும் குறட்டையும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் கூடவே ஓடுகின்றன. மேல் லயத்துத் திருடனும் அந்த வழியாகத்தான் வந்தான். காலியாகக் கிடந்த அடுத்த வீட்டுக்குள் புகுந்து, பலகையைத் தாண்டி இறங்கியிருக்கிறான். வாசல் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

(ஆகவே விதி ஒன்றும் போயிற்று.)

3

இனி வெள்ளையம்மா. இவளைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். இவளுடைய கடிதங்களை எழுதுவதும் வருகிற கடிதங்களைப் படிப்பதும் நான்தான்.

வெள்ளையம்மாவும் தங்கை ராசம்மாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இறங்கின இடத்தில் அக்காளை ஆள் எடுக்கிற ஒரு கங்காணி காஹாங்குக்குக் கூட்டி வந்தார். தங்கையை வேறொரு கங்காணி செனாய்க்குக் கூட்டிப் போனார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஒரே ஜொகூர் மாநிலம், நடுவில் ரயில் ஓடுகிறது, இருந்தும் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை புறப்பட்டாள். இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். வீட்டை விட்டுப் போகப் பயம்.

வீட்டில் அப்படி என்ன என்று கேட்பீர்கள். ஒரு அண்டா, ஊரிலிருந்து தலையில் சுமந்து வந்தது. தீபாவளிக்கு ஒன்றாக வாங்கிய ஒன்பது பித்தளைப் பாத்திரங்கள். தங்கையைவிட இவை பெரிதா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். பிறகு கித்தா விலை விழுந்தது. ஏழாம் நம்பர் குடும்பத்தைப் பத்தே நாள் கெடுவில் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர்களுக்குக் கடைசியில் கை கொடுத்தது வீட்டிலிருந்த பித்தளையை விற்ற காசுதான். அதற்கப்புறம் நான் அப்படி நினைப்பதில்லை.

இந்தத் தடவை ராசம்மா மகள் புஷ்பவள்ளிக்குக் கல்யாணம். "அக்கா, நீ வந்து பக்கத்துல நிக்காட்டி எனக்கு யாரு இருக்கா" என்று எழுதியிருந்தாள். நான் படித்தபோது வெள்ளையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் தடவையும் போகாவிட்டால் தங்கை இல்லை என்று ஆகிவிடும். அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

புருஷன் தங்கராஜு குளுவாங் டவுனுக்குப் போய்த் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான்.

"கதவுக்குப் பூட்டு போட்டாச்சு. கூரைக்கு யாரு லா போடறது?" என்று அவனே கேட்டுக்கொண்டான்.

4

ஒரு பக்கம் ஏழாம் நம்பர், காலி. மறுபக்கம் ஒன்பதாம் நம்பர், கிருஷ்ணம்மாவும் அவள் புருஷன் அய்யாவுவும். எட்டாம் நம்பரில் எவனாவது இறங்கினால் முதலில் கேட்கக்கூடிய காது கிருஷ்ணம்மாவுடையது. அந்தக் கிருஷ்ணம்மாவோடு வெள்ளையம்மாவுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் வெள்ளையம்மாவின் செவலைக் கோழி. அது காணாமல் போன அன்று ஒன்பதாம் நம்பரில் கோழிக்குழம்பு கொதித்தது. அய்யாவு காஹாங்கில் வாங்கி வந்த கோழி என்றாள் கிருஷ்ணம்மா. வெள்ளையம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. விளக்குமாற்றிடம்தான் கேட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஜாடைப் பேச்சுதான்.

(கதாசிரியன் என்ற முறையில் கோழி எங்கே போனது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. அன்று எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. நன்றாக இருந்தது. சாட்சி சொல்ல யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் வலியப் போகவில்லை.)

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வெள்ளையம்மா புளி போட்டு அண்டாவைத் தேய்த்தாள்.

"அண்டா, நாளையிலேர்ந்து நாலு நாளு நீ ஒத்தையில கெடக்கணும். எவன் ஏறிக் குதிச்சாலும் ஏன்னு கேக்க நாதியில்ல."

ஒன்பதாம் நம்பரிலிருந்து கிருஷ்ணம்மா தன் புருஷனிடம் சொன்னாள்: "கேட்டீங்களா? நாதியில்லையாம். நாமல்லாம் மனுசங்க கணக்குல இல்ல போல."

"மனுசங்க இருக்காங்க, அண்டா. இருந்துதான் செவலக்கோழி போன எடம் தெரியல."

"அம்புட்டு பயமா இருந்தா அண்டாவைத் தலையில தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"ம்" என்றார் அய்யாவு. அவர் ஒரு நாளில் பேசுவதில் பாதி அதுதான்.

பிறகு கொஞ்ச நேரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. வெள்ளையம்மாவின் குரல் மாறியிருந்தது.

"தங்கச்சியப் பாத்து ஒம்பது வருசம் ஆச்சு, அண்டா. அவ மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு."

கிருஷ்ணம்மா தன் அடுப்பில் கொள்ளியை உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஏங்க, நாளைக்கு வெறகு கொஞ்சம் கூடவே கொண்டாங்க" என்றாள்.

அய்யாவு "ம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளையம்மாவுக்குப் புரிந்ததா என்றும் தெரியவில்லை. மறுநாள் காலை அவளும் தங்கராஜுவும் பூட்டைப் போட்டுவிட்டு லாரி ஏறினார்கள்.

5

அன்று சாயங்காலம், வேலை முடிந்து எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டுகிற நேரம். ஒன்பதாம் நம்பரில் பலகை கிறீச்சிட்டது.

"பெட்டியக் கெட்டியாப் புடிங்க."

"ம்."

தொம்மென்று யாரோ இறங்கினார்கள். எட்டாம் நம்பருக்குள். பூட்டிய வீட்டுக்குள். நான் பேனாவும் கையுமாக இருந்தேன்.

கிருஷ்ணம்மா அண்டாவின் காதைப் பிடித்துத் தூக்கினாள்—

இந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும். எழுதும்போது கதை சூடு பிடிப்பதாகச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் சுள்ளி வெடிக்கிற சத்தம் வந்தது. சுவருக்கு மேலே புகை வந்தது. அவள் எட்டாம் நம்பர் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

வெளியே போய் ரோட்டிலிருந்து பார்த்தேன். பூட்டைப் பார்க்க வேண்டுமானால் வாசல் வரை வரவேண்டும். புகை ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஏழாம் நம்பர் கூரை மட்டும் வெறிச்சென்று இருந்தது. எட்டில் ஆள் சமைக்கிறது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

திரும்பி ஏறும் முன் கிருஷ்ணம்மா, பத்து வீட்டுக்கும் கேட்க வேண்டும் என்றே, உரக்கச் சொன்னாள்: "ஏங்க, ஒம்பது உருப்படி, ஒரு அண்டா. எண்ணிட்டேன். கை வச்சது அடுப்புல மட்டும்தான்."

ஒரு கரண்டி குறைந்தாலும் ஆயுசு முழுக்க அவள்தான் திருடி. அது தெரிந்தும் இறங்கியிருக்கிறாள். எனக்கு அப்போது அவள்மேல் வந்த மரியாதையை எந்த அலங்காரமும் இல்லாமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

6

எழுதியதை வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். இரண்டாம் நாள் கிருஷ்ணம்மாவுக்கு ஒரு நல்ல வசனம் எழுதிப் படித்தேன்: "சகோதரீ, அஞ்சற்க! நின் உடைமை என் உடைமையன்றோ!"

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஏங்க, நான் எப்பங்க இப்படிப் பேசுனேன்? எழுதறவங்க எந்தக் கூத்துல பாத்தாங்களோ."

அடித்துவிட்டேன். சொந்தப் பாத்திரத்திடம் திட்டு வாங்கும் எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனாலும் அவள் சொன்னது சரி.

மூன்றாம் நாள் கிராணியார் விதிகளைக் கேட்டார். இரண்டாம் விதியைத் திருத்திக் கொடுத்தேன்: ஊருக்குப் போவதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவும்.

"பக்கத்து வீட்டுக்காரனே திருடனா இருந்தா?"

"அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துணி மூட்டையோடு ஒரு ஆள் ரோட்டில் நின்று, அன்றும் புகை வந்த எட்டாம் நம்பர் கூரையை வெகு நேரம் பார்த்தான். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். (திருடனா? கதைக்குத் திருடன் என்றால் வசதி. முகத்தைப் பார்த்தால் பசித்தவன் மாதிரி இருந்தது. இரண்டுமாகவும் இருக்கலாம்.) அதற்குப் பிறகு மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு கட்டு விறகு ஒன்பதாம் நம்பர் வாசலுக்கு வந்தது. கேட்காமலே வந்தது.

7

நாலாம் நாள். அவர்கள் வருவதற்கு முன்பே இரண்டு முடிவுகளைத் தயாராக எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: வெள்ளையம்மா பாத்திரங்களை எண்ணுகிறாள். பத்தும் இருக்கின்றன. கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

முடிவு ஆ: எண்ணுகிறாள். ஒன்பதுதான் இருக்கிறது. எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்டது. பூட்டு திறந்தது. தங்கராஜு மூட்டையை இறக்கினான். ஒன்பதாம் நம்பரில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

"அடுப்பு சுடுது" என்றாள் வெள்ளையம்மா.

அது கோபமா பயமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"யாரோ உள்ள வந்திருக்காங்க. பாத்திரத்த எண்ணிப் பாரு" என்றான் தங்கராஜு.

நான் பேனாவில் மை தொட்டுக்கொண்டேன். பித்தளை ஒவ்வொன்றாக நகரும் சத்தம் வரும், பத்தா ஒன்பதா என்று நானும் எண்ணலாம் என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தேன். சத்தம் வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் வந்தது. எதையோ அடுப்பில் வைத்தாள்.

"எண்ண வேணாம்" என்றாள்.

என் இரண்டு முடிவுகளும் அந்த இடத்தில் செத்தன. எனக்கு வருத்தமே இல்லை.

"கிருஷ்ணம்மா."

அண்டாவிடம் இல்லை, விளக்குமாற்றிடம் இல்லை. பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள்.

"சொல்லு" என்றாள் கிருஷ்ணம்மா.

"ராசம்மாவப் பாத்துட்டேன்."

பலகையின் இரண்டு பக்கமும் ஆள் வந்து சாய்கிற சத்தம் கேட்டது. வெள்ளையம்மா ஏதோ சொன்னாள். கிருஷ்ணம்மா ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் பேசியதெல்லாம் பத்து வீட்டுக்கும் கேட்பதற்காகப் பேசியது. அதை வைத்துத்தான் நான் கதாசிரியன் ஆனேன். இன்று முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

பெட்டி மேல் ஏறி நின்றால் எனக்கும் கேட்கும். ஏறவில்லை. பேனாவைக் கழுவி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து ரோட்டோரம் நிற்கிறேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டவில்லை. கேட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம்.