நிறம் பார்த்தவள்

பல்கலைக்கழக நூலகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் வால்திரேனியை நிறம் பார்க்கும் குழுவில் போட்டபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கறுப்பர்களுக்கும் கலப்பு நிறத்தவருக்கும் ஒதுக்கிய இடங்களில் வெள்ளைத் தோல்காரப் பிள்ளைகள் நைசாகப் புகுந்துவிடுகிறார்கள் என்று பிரேசில் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு வந்த குழு அது. ஐந்து பேர். தோல், முடி, முகம், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். அப்பன் ஆத்தா யார் என்ற பேச்சே கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது?

அன்று கடைசியாக வந்தவள் கவாயானி, பத்தொன்பது வயதுப் பெண். மூன்றாவது முறையாகத் தேர்வெழுதி, ஒருவழியாக மருத்துவத்துக்கு மார்க் வாங்கிவிட்டாள். குழு சரி என்றால் சீட்டு, இல்லை என்றால் இல்லை. கேமரா முன் நின்று, "நான் கலப்பு நிறத்தவள்னு அறிவிக்கிறேன்" என்று சொல்வதற்குள் இரண்டு முறை தடுமாறினாள். வெளிர் மாநிறம். சுருட்டை முடியை இழுத்து நேராக்கி, வாரி விட்டிருந்தாள். அடி பைத்தியக்காரி, இன்றைக்குப் பார்த்தா முடியை நேராக்குவாய் என்று வால்திரேனி மனதுக்குள் திட்டினாள். பெரிய மனிதர்கள் முன்னால் போகிறோம் என்று அலங்கரித்துக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம்.

பெண் வெளியே போனதும் பக்கத்து நாற்காலி ஜில்மார் குனிந்தான். "ஏ வால்தி, உம் மக ஜமீலியை உரிச்சு வச்ச மாதிரி இருக்கால்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஜமீலி இதே ஒதுக்கீட்டில்தான் பல் மருத்துவம் படிக்கிறாள். அவள் சேர்ந்தபோது குழு கிடையாது, ஒரு போட்டோவும் கையெழுத்தும் போதும். அந்தப் போட்டோவுக்காக மகளைப் பத்து நாள் கடற்கரை வெயிலில் வறுத்தெடுத்தவள் வால்திரேனி. முடியைச் சுருட்டிவிட்டதும் அவள்தான். இவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறானா? இந்தப் பெண்ணுக்குச் சரி போட்டால், தன் மகள் சீட்டைக் காப்பாற்றத்தான் போட்டாள் என்று கேன்டீன் முழுக்கப் பேச மாட்டார்களா?

தாள் சுற்றிக் கடைசியாக அவளிடம் வந்தது. இரண்டு சரி, இரண்டு இல்லை. அவள் 'இல்லை' கட்டத்தில் குறி போட்டாள்.

ஜில்மார் எட்டிப் பார்த்தான். "அடடா, நான்கூட சரின்னுதான் போட்டேன். ஜமீலிக்குக் கெடைச்சது இதுக்கும் கெடைக்கட்டுமேன்னு பார்த்தேன். நீ ரொம்பக் கறாரும்மா!"

தாளை உறையிலிட்டு அரக்கு வைத்தாயிற்று. மேல்முறையீடு உண்டு, ஆனால் அங்கேயும் அதே வீடியோவைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். அதே நேராக்கிய முடிதான் தெரியும். நாசமாய்ப் போன கை, என்று தன் கையையே திட்டிக்கொண்டு எழுந்தாள் வால்திரேனி.

வெளியே தாழ்வாரத்தில் ஆஸ்பத்திரி துப்புரவுச் சீருடையில் ஒருத்தி நின்றிருந்தாள். வால்திரேனியும் கறுப்புதான், இவள் அவளைவிடக் கறுப்பு.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் கவாயானியோட அம்மா. பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டிருக்கா. மூணு வருஷமா இப்படித்தான், பரீட்சைன்னா வயித்துல பச்சத்தண்ணி தங்காது. இதுவும் போச்சுன்னா இன்னொரு வருஷம் தாங்க மாட்டா அக்கா."

வால்திரேனி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"என்னை உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. என் மூஞ்சியப் பார்த்திருந்தா கேள்வியே இருக்காது. ஆனா நீங்க உள்ள போனதப் பார்த்தேனா, அப்பதான் உசுரு வந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தி இருக்காளே, அது போதும்னு. நீங்க சரின்னுதானே போட்டீங்க?"

முடிவைச் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம்.

"ஆமா" என்றாள் வால்திரேனி.

"நீங்க நல்லாருக்கணும்!" என்று தாய் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "கவா, ஏய் கவா, வெளிய வாடி! இந்த அக்காதான் உனக்குச் சரி போட்டாங்களாம்!"

கழிவறைக் கதவு திறந்தது. வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்த பெண், வால்திரேனியைக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகம் புதைத்து விம்மினாள். வால்திரேனி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.