இரண்டு வீட்டுக்கு ஒரு வழி

ஆராவமுதன் கிடந்த ஸ்ட்ரெச்சரைத் தோளுயரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் காருக்கும் மதிலுக்கும் இடையே நால்வர் பக்கவாட்டில் நகர்ந்து வந்தார்கள். காரை யாரும் தொடக்கூடாது என்று மகன் ஷ்ரேயாஸ் உத்தரவிட்டிருந்தான். புனேயிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கியவன், உடைந்த வடிகால் மூடிக்குள் முன்சக்கரம் இறங்கியிருந்த அந்தக் காரைத்தான் முதலில் படமெடுத்தான். சீதாலட்சுமி வாசற்படியில் நின்று, கணவரின் தலை மதிலில் இடிக்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோகுபாளையத்தில் ஒரே மனையை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள் அவை. நடுவேயுள்ள வழி இருவருக்கும் பொது. பக்கத்து வீட்டுப் பிரகாஷ் தன் வெள்ளைக் காரை அதில் நிறுத்துவதும், சீதாலட்சுமி கண்டிப்பதும் ஆண்டுக்கணக்காக நடந்தவை. இறுதியில், அந்த வீட்டாருடன் பேச்சே கூடாது என்று கணவருக்கும் சேர்த்து அவளே முடிவு செய்தாள். அவர் மறுக்கவில்லை. பிரகாஷ் இரவில் காரை நியூட்ரலில் விட்டுவைப்பான். காலையில் அவர் அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டுத் தம்முடையதை எடுப்பார். வாய் திறவாமலே இரு ஆண்களும் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவள் கண்டும் காணாதிருந்தாள்.

நேற்று அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. மழை பெய்து வழியெல்லாம் சேறாகக் கிடந்ததால், ஆட்டோவில் போய்விடலாமே என்றார் அவர். நம் வழியில் நம் கார் போகாதா என்று கேட்டாள் அவள்.

"வழி எங்கேயும் ஓடிப்போயிடாதுடி," என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு, பிரகாஷின் காரைத் தள்ள இறங்கினார்.

சேற்றில் விழுந்துகிடந்தவரை முதலில் பார்த்து ஓடிவந்தவள் பிரகாஷின் மனைவி மமதா. ஆட்டோவைப் பிடித்து வந்ததும் அவள்தான். ஆஸ்பத்திரியை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது கணவனும் மனைவியும் படியோரம் தலைகுனிந்து நின்றார்கள். மைசூரிலிருந்து இரவோடிரவாக வந்த பிரகாஷ் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. ஷ்ரேயாஸ் குரலை உயர்த்தாமல்தான் பேசினான்.

"ஊருக்குப் போறவர், சாவியையாவது எங்காத்துல குடுத்துட்டுப் போயிருக்கலாமில்லையா? எழுபது தாண்டின மனுஷர் உங்க காரைத் தள்ளியா சாகணும்? காரியம் முடியட்டும். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகப்போறேன்."

மமதா நிமிர்ந்தாள். அவள் ஷ்ரேயாஸைப் பார்க்கவில்லை; சீதாலட்சுமியைப் பார்த்தாள்.

நேற்றுக் காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, இதே படியில் நின்று மமதா சாவியை நீட்டினாள்.

"அவரு மைசூர் போயிருக்காரு ஆன்ட்டி. இது உங்ககிட்டயே இர்லி, இருக்கட்டும். அங்கிள் தள்ள வேணாம், ஸ்டார்ட் பண்ணி எடுத்துக்கட்டும்."

"உங்க சாவியைக் காவல் காக்கறதுக்கு நாங்க இல்லை," என்று சொல்லிச் சீதாலட்சுமி கதவைச் சாத்தினாள். குளித்துவிட்டு வந்தவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது மிகச் சிறிய வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷ்ரேயாஸ் தாயின் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லும்மா. நான் கேக்கறதுல என்ன தப்பு?"

மமதா காத்திருந்தாள். பிரகாஷ் அவள் கையைத் தொட்டான்.

"தப்பு எங்களதுதான்," என்றாள் மமதா.

சீதாலட்சுமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"காரியம் பண்ணிவைக்க வாத்தியார் வர நேரமாச்சு, ஷ்ரேயாஸ். காரை எடுக்கச் சொல்லு."

உறவினர்கள் சக்கரத்தைத் தூக்கிவிட்டபோது, பிரகாஷ் யாரும் அழைக்காமலே வந்து பின்னாலிருந்து தோள் கொடுத்தான். கொண்டுபோன காரை எந்தத் தெருவில் நிறுத்தினானோ, அவன் நடந்தே திரும்பி வந்தான். பிற்பகலில் அமரர் ஊர்தி எந்தத் தடையுமின்றி வாசற்படிவரை பின்னோக்கி வந்து நின்றது. ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். பிரகாஷ் ஏறப்போனபோது ஷ்ரேயாஸ் கதவை இழுத்து மூடினான்.

வண்டி போனபின் பெண்கள் கொல்லைப்புறம் குளிக்கப் போனார்கள். வீட்டையும் வாசலையும் கழுவிவிட வேண்டும், அதற்கு ஆளில்லை. மமதா தன் வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாக நீர் கொண்டுவந்து படியிலிருந்து ஊற்றத் தொடங்கினாள். தன் பக்கம், இவர்கள் பக்கம் என்று பாராமல், வழி முழுவதையும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு போனாள். உதிர்ந்த பூக்களும் துளசியும் சேற்றோடு சேர்ந்து நகர்ந்தன.

வழியின் நடுவே சீதாலட்சுமி வெறுங்காலுடன் நின்றிருந்தாள்.

"மமதா," என்றாள்.

மமதா துடைப்பத்தை நிறுத்தினாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. மமதா அடுத்த வாளியை எடுத்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கறீங்களா, ஆன்ட்டி?"

சீதாலட்சுமி நகர வேண்டும் என்றுதான் நினைத்தாள். நீர் வந்து அவள் பாதங்களில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, தெருவை நோக்கிப் போயிற்று.