கரையில் நிற்கிற பஸ்

யசிந்தாவுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. தலைமன்னாரில் பதினைந்து வருடமாகப் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவள். அப்படிப்பட்டவள் பழைய பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, இழுத்துத் திறக்கிற கண்ணாடிச் சன்னல் எல்லாம் வைத்து, சுற்றுலாக்காரர் தங்கிப் பயணம் போகிற வீடாக்கியிருந்தாள். அந்தச் சன்னல்தான் அவள் மானத்தை வாங்கியது.

ஆட்களை அனுப்புகிற முகவர் ஜுனைட் இரண்டு தரம் வந்து, குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார். இரண்டு தரமும் மெத்தை நனைந்தது. முதல் தரத்துக்குப் பிறகு, கண்ணில் பட்ட துளை ஒன்றையும் விடாமல் சிலிக்கன் பசை பூசினாள். அடுத்த தரத்துக்குப் பிறகு சன்னலையே கழற்றி, வெடித்துப்போயிருந்த பழைய பசையைச் சுரண்டி, திரும்பவும் துளை விடாமல் பூசி இறுக்கினாள். மூன்றாம் தரமும் ஒழுகினால் பஸ்ஸை ஒருவருக்கும் காட்டமாட்டேன் என்று ஜுனைட் சொல்லிவிட்டார். அவர் வருவதற்கு முதல்நாள் தானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். பாழாய்ப்போன சன்னல் மறுபடியும் ஒழுகியது.

விடிந்ததும் அழுகையும் கோபமுமாகக் கடற்கரைக்குப் போனாள். புருஷன் மில்ரன் படகைக் கரையேற்றிவிட்டு, பின்பக்கத்து அடித்துளையை அடைத்திருந்த தக்கையைக் கழற்றினான். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கொட்டியது. தினமும் நடக்கிறதுதான். யசிந்தா அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள்.

"கடலில நிக்கேக்கதான் அடைக்கோணும்," என்றாள். "என்ர பஸ் எப்பவும் கரையிலயெல்லே நிக்குது."

மில்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவள் பஸ்ஸடிக்கு ஓடிவிட்டாள். சன்னல் சட்டத்தின் அடியில், வெளிப்பக்கம், இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் விழும் தண்ணீர் வெளியேறத்தான் அவற்றை வைத்திருந்தார்கள். கெட்டிக்காரி அவற்றைத் தன் கையாலேயே அடைத்திருந்தாள். பிறகு தண்ணீர் உள்ளே வராமல் எங்கே போகும்? கத்தியால் குத்தி இரண்டையும் திறந்தாள்.

ஜுனைட் வந்ததும், இந்த முறை குழாய் தன் கையில் என்று சொல்லி, அவரை உள்ளே போய்ச் சன்னலோர மெத்தையில் இருக்கச் சொன்னாள். அவர் தன் வெள்ளைச் சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு, அரைமனதோடு போய் இருந்தார். அரை மணி நேரம் விடாமல் அடித்தாள். துளைகள் இரண்டிலும் தண்ணீர் வெளியே வழிந்துகொண்டேயிருந்தது.

இறங்கி வந்தவரின் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆட்களை எப்போது அனுப்பலாம் என்று கேட்டார். யசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எப்பவெண்டாலும் அனுப்புங்கோ," என்றாள். "மழை நாளாப் பாத்து அனுப்புங்கோ."