சாவிக்காரர் வீட்டுச் சத்தம்

"நீங்கதானே எக்ஸ்சேஞ்ச் அக்கா? நான் சாவிக்காரரோட தங்கச்சி."

வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியவள். ஒரு 'ஹலோ' போதும், ஆளைச் சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காது சும்மா கிடக்கவில்லை. விடிந்ததும் போனும் கையுமாக நாலு தெரு நடப்பாள். காதில் விழுவதையும் மனதில் ஓடுவதையும் பேசிப் பதிவு செய்து தோழிகள் குழுவில் போடுவாள். கைதட்டல் படங்கள் வந்து குவியும்.

போன சனிக்கிழமை, முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்த சாவிக்காரர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த மனுஷன், உள்ளே மூன்று பூட்டுப் போட்டுக்கொண்டு குளியலறையில் விழுந்து இறந்து கிடந்தார். அன்று சாயங்காலம் அக்கா தன் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டாள். திங்கள், செவ்வாய், புதன். மூன்றிலும் அவர் வீட்டுச் சத்தம் இருந்தது. அழிக்கவும் கை வரவில்லை, யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை.

"விழுந்த வேகத்துலேயே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்த மட்டும் அண்ணன் கஷ்டப்படல," என்றாள் தங்கை. "அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க போன்ல அண்ணன் குரல் இருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. எங்கிட்ட ஒண்ணுகூட இல்லக்கா. போன் பண்ணா, 'காசு ஏறுது, வை'ம்பாரு."

மறுக்க முடியுமா? அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தாள். ஷட்டர் ஏறுகிற கரகரப்பு. பிறகு அவர் குரல்.

"என்ன ஆபரேட்டரம்மா, இன்னிக்கு யாருக்கு லைன் குடுக்கறீங்க?"

"உங்களுக்குத்தான். பேசுங்க."

"எனக்கு யாரு பேசப்போறா? ராங் நம்பர்னு வெச்சிடுங்க."

தங்கை சிரித்தாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டாள்.

"அடுத்தது போடுங்கக்கா."

"அடுத்ததுல அவர் பேசல."

"பரவால்ல. அவர் கடையைத் தாண்டித்தானே நடந்திருப்பீங்க? ஷட்டர் சத்தமாவது கேக்கறேன்."

"அன்னிக்கு ஷட்டர் திறக்கல."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ என்ன இருக்கு அதுல?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், இவள் அழுதுவிட்டு ஊர் போய்ச் சேருவாள். ஆனால் அக்காவின் விரல் அடுத்த பதிவை அழுத்தியது.

செருப்புச் சத்தம். ஒரு காக்கை. பிறகு சுவருக்கு அப்பாலிருந்து டங், டங், டங். சற்று ஓய்வு. மறுபடியும் மூன்று. அதன் மேல் அக்காவின் குரல், நிதானமாக, அழகாக:

"நம்ம சாவிக்காரர் ஷட்டரைக்கூடத் தூக்கல, அதுக்குள்ள உள்ள வேலையை ஆரம்பிச்சிட்டாரு. எந்தப் பூட்டோ, என்ன பிடிவாதமோ."

தங்கையின் கை காற்றில் அப்படியே நின்றது.

"குழாயிலதான் தட்டறாரு," என்றாள். "சின்ன வயசுல பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாலும் இப்படித்தான். மூணு தட்டு, அப்புறம் கேட்டுப் பாப்பாரு, யாராவது வராங்களான்னு."

அக்கா பதிவை நிறுத்தினாள்.

"எத்தனை நாள்?"

"மூணு."

"மூணாவது நாளையும் போடுங்க."

"வேணாம்மா."

"போடுங்க."

டங். நெடுநேரம் ஒன்றுமில்லை. டங். "இன்னிக்கு அவசரமே இல்லாம தட்டறாரு," என்றது போனிலிருந்த குரல். "வேலையில ஒரு நிதானம் வந்திடுச்சு."

தங்கை போனைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். முதலிலிருந்து மறுபடி கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"இந்த இடத்துல உங்க செருப்புச் சத்தம் நிக்குதேக்கா. தட்டறது கிட்டக்க கேக்குது, கதவுக்கு நேரா நின்னிருக்கீங்க. ஏதோ சந்தேகம் வந்துதானே நின்னீங்க? சொல்லுங்க, கூப்பிட்டுப் பாத்தீங்கதானே?"

எக்ஸ்சேஞ்ச் அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள். "சத்தம் நல்லாப் பதியட்டும்னு நின்னேன்."