பழைய வேனுக்குப் புது ஆயில்

வேன் கிளம்புகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார் வேன்காரியின் புருஷன். படுத்த இடத்திலிருந்துதான் சொல்வார். எழுந்து வந்து பார்க்க அவரால் முடியாது. பக்கவாதம் வலது பக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு, போனால் போகிறது என்று பாதி நாக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்தப் பாதி நாக்கில் பெரும்பகுதியை அவர் வேனுக்கே செலவழித்தார்.

"கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற" என்பார். "பெல்ட் கத்துது, காதுல விழல?" என்பார். சாப்பிட்டியா என்று அவர் கேட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அவர் விழுந்த பிறகுதான் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தையல் ஃபேக்டரிப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வர வேண்டும். அதே பெண்களைத்தான் அவரும் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் சில வாரம் அவள் வண்டியில் ஏறியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தூங்க ஆரம்பித்தார்கள். டிரைவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

தூங்காதவள் ஒருத்திதான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவள். ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் வாய் மூடாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சூப்பர்வைசர் மீசைக்கு மை அடித்தது, மாமியார் செருப்பை நாய் கவ்விக்கொண்டு போனது என்று எல்லாச் செய்தியும் அவளிடமிருந்துதான் வண்டிக்குள் வரும். அவள் காலர் தைக்கிறவள். ஃபேக்டரியிலேயே அவள் கைதான் வேகமான கை என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

வேன் பழைய மாடல். எஞ்சின் முன்னால் இருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். மூடியின்மேல் ரெக்சின் மெத்தை போட்டிருந்தது. மழைக்காலத்தில் ரேடியோ அதன்மேல் ஈரத் துப்பட்டாவை விரித்துக் காயவைப்பாள்.

ஆயில் விஷயத்தில் மட்டும் புருஷன் பிடிவாதமாக இருந்தார். "அந்தக் கெட்டி ஆயிலுதான். வேற எதையும் உள்ள விடாத."

"ஏங்க?"

"சொன்னா கேளு."

அவ்வளவுதான். காரணம் சொல்ல மாட்டார். நாக்கு ஒத்துழைக்காததால் சொல்லவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பளபளப்பான ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். சிந்தெடிக் ஆயில்.

"அக்கா, மாமா ஊத்துற ஆயிலு அந்தக் காலத்து ஆயிலு. இது அப்படியில்ல. உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துடும். எஞ்சின் பூ மாதிரி ஓடும். எங்க கடைக்கு வர்றவங்க எல்லாம் இதுக்குத்தான் மாறிட்டாங்க."

"பழைய வண்டிடா."

"பழசுக்குத்தான் நல்லது வேணும். புதுசு எதை ஊத்தினாலும் ஓடும்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஒரு விஷயத்தையாவது தானே முடிவு செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடவா?" என்றான் தம்பி.

"வேண்டாம். ஆளுக்கொரு நியாயம் பேசி நேரம் போயிடும். நீ கழட்டு."

வண்டிக்கடியில் சட்டியை வைத்துப் பழைய ஆயிலை இறக்கினான். தார் மாதிரி வந்தது. விழவே மனசில்லாமல் வந்தது. புது ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. ஊற்றி முடித்து ஸ்டார்ட் செய்தபோது அவளுக்கே ஆச்சரியம். வண்டி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. தம்பி ஏதோ பிள்ளை பெற்றவன் போலச் சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் புருஷன் கேட்டார்:

"என்ன பண்ணின?"

"ஃபில்டர் மாத்தினோம். தம்பி வந்திருந்தான்."

"ஃபில்டர் மாத்தினா இப்படிச் சத்தம் வராது."

"நல்லாத்தானே இருக்கு?"

அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இடது கை மட்டும் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு வண்டி நிற்கிற இடத்தில் சொட்டுச்சொட்டாகத் தரை கறுக்க ஆரம்பித்தது. அவள் மண்ணை அள்ளிப் போட்டாள். மறுநாள் மண்ணும் கறுத்தது. தம்பிக்குப் போன் செய்தாள்.

"புதுசா மாத்தினா கொஞ்சம் கசியும்க்கா, பயப்படாத. எஞ்சின் மேல இருக்கிற ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போயிருக்கும். ஒருநாள் வந்து மாத்திக் குடுத்துடறேன்."

வருகிறேன் என்ற ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்கு இறக்குகிற வேலை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் மனைவிக்குக் காய்ச்சல். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவள் குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டினாள். வண்டியை வேலைக்கு விடாமல் ஒரு நாள் மெக்கானிக்கிடம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஃபேக்டரிப் பெண்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள், அப்படிப் போனவர்கள் திரும்ப வருவார்கள் என்று எந்த நிச்சயமும் இல்லை.

"அக்கா, உள்ள என்னத்தை வறுக்கிற? வாசனை தூக்குது" என்று ரேடியோ மூடியைத் தட்டிக் கேட்டாள். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டில் அந்த வாசனை அவருக்கும் எட்டியது. வேனை அவருடைய ஜன்னலை ஒட்டித்தான் நிறுத்துவது வழக்கம்.

"ஆயில் கருகுது" என்றார்.

"பக்கத்து வீட்டுல குப்பை எரிக்கிறாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "அந்த..." என்று ஆரம்பித்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. அவர் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வந்தார் என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு பொய்யைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் காலையில் மேம்பாலத்தில் ஒரே நெரிசல். ஏற்றத்தில் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து நின்றன. ஃபேக்டரி கேட்டைச் சாத்திவிடுவார்களே என்ற கவலையில் அவள் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தாள். மெத்தையின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. முதலில் முன்னால் நிற்கிற லாரியின் புகை என்று நினைத்தாள். பிறகு அது கண்ணை எரித்தது.

"அக்கா, இங்கேருந்துதான் வருது" என்றாள் ரேடியோ.

"அந்த மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாரு."

வேன்காரி வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். பதறிச் சொன்னதுகூட இல்லை. கண்ணாடியை இறக்கிவிடு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

ரேடியோ மெத்தையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினாள். உள்ளே கசிந்த ஆயில் பழுக்கக் காய்ந்த புகைக்குழாயின்மேல் விழுந்து கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. தீ அவள் கைகளைப் பிடித்து, அங்கிருந்து கழுத்துக்கு ஏறியது. அவள் கத்தவில்லை. அதுதான் பிறகு எல்லாருக்கும் திரும்பத்திரும்ப ஞாபகம் வந்தது. மூடியைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

வேன்காரி அவள் இடுப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, கதவைத் திறந்தாள்; இருவருமாக ரோட்டில் விழுந்தார்கள். தன் சேலை முந்தானையால் அவளை மூடி அழுத்தினாள். பின்னால் இருந்த பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி இறங்கினார்கள். லாரிக்காரர் தீயணைக்கிற சிலிண்டரைக் கொண்டுவருவதற்குள் முன்பக்கம் முழுக்க எரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வேன் வெறும் கூடாக நின்றது. ரேடியோவைத் தவிர வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று சொன்னார்கள்.

ரேடியோவைச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வேன்காரி வீட்டுக்கு நடந்தே வந்தாள். பஸ்ஸில் ஏறலாம் என்று தோன்றவில்லை. பொழுது சாய்ந்திருந்தது. காலையில் கொடுத்த கஞ்சிக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. விரிப்பு நனைந்து கிடந்தது.

"வண்டி சத்தம் கேக்கல" என்றார்.

அவள் முதலில் விரிப்பை மாற்றினாள். அவரைத் துடைத்துவிட்டாள். கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு வந்து ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆயில் மாற்றியது, கசிந்தது, பக்கத்து வீட்டுக் குப்பை, எல்லாமே. மூடியைத் தூக்கச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

"ஆயில் மேல தப்பு இல்ல" என்றார் கடைசியில். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "கேஸ்கெட் எப்பவோ போச்சு. பிஸ்கட் மாதிரி. அழுக்குதான் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கெட்டி ஆயிலு வரைக்கும் தாங்கும். இதை ஊத்துறதுன்னா முதல்ல அதை மாத்தியிருக்கணும்."

கரண்டி அவள் கையில் நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் விழறதுக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன் சொல்லல? எத்தனை தடவை ஏன் ஏன்னு கேட்டேன்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"சொன்னா மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவ. அவன் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்து, இது தேறாது, வித்துடுன்னு சொல்லுவான். நீயும் வித்திருப்ப." மூச்சு வாங்கியது. "அப்புறம் காலையில எனக்குக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சக் கஞ்சி கிண்ணத்தில் ஆடை கட்டியது. ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். ஒரு வார்த்தை அவளும் சொல்லியிருந்தால் போதும். அந்தக் கட்டிலுக்கும் இந்த ஸ்டூலுக்கும் நடுவில் ஒரு முழத் தூரம் கூடக் கிடையாது. மீதியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

தம்பி வாசல்வரைக்கும் வந்தான், உள்ளே வரவில்லை. முகம் வீங்கியிருந்தது. "என்னாலதானாக்கா?" என்றான். இல்லை என்றாள். அவன் நம்பவில்லை. கேஸ்கெட்டைப் பற்றி மாமாவுக்கு முன்பே தெரியும் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் உள்ளே போய் அந்தக் கட்டிலைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவான் என்று பயந்து விட்டுவிட்டாள்.

ரேடியோவைப் பார்க்கப் போக அவளுக்குத் தைரியம் வரப் பல நாள் ஆனது. போனபோது வார்டில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கைவரைக்கும் கட்டுக்குள் இருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அறுத்துப் பிரித்தாலும் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வேன்காரி கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் இவ்வளவு நேரம் பேச்சில்லாமல் இருந்ததே கிடையாது.

"போலீஸ்காரங்க வந்து கேட்டாங்க" என்றாள் ரேடியோ. "மூடியை நானாத்தான் தூக்கினேன்னு சொல்லிட்டேன்."

வேன்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழாத. உனக்காக ஒண்ணும் சொல்லல. நீ சொன்னேன்னு சொன்னா என் விரலு திரும்ப வருமா? கேஸு, கோர்ட்டுன்னு அலைய எனக்கு யாரு இருக்கா?" குரல் கரகரத்திருந்தது. புகை குரலையும் கெடுத்திருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. மாமியாருக்குக்கூட நான் இப்படிச் சாபம் விட்டதில்ல. உன்னைத் தெனமும் திட்டுறேன். காலையில கண்ணு முழிச்சதும் முதல் வேலை அதுதான்."

"திட்டு" என்றாள் வேன்காரி.

"திட்டத்தான் போறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சோத்துக்கு என்ன பண்ற?"

வேன்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

"என் மிஷின் சும்மாதான் கிடக்குதாம். சூப்பர்வைசர் ஆளு தேடுறான். யாரோ ஒருத்தி உக்காரத்தான் போறா. போய்க் கேளு. காலர் மடிக்கும்போது முனையை நகத்தால நீவிட்டு அப்புறம் ஊசியை விடு. இல்லன்னா கோணிக்கும்."

"அதுல போய் நான் எப்படி உக்காருவேன்?"

"எனக்கென்ன தெரியும்? நீயும் வயித்தைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா எனக்கு என்ன லாபம்? வந்ததுக்கு அந்தத் தண்ணியை எடுத்துக் குடு. தொண்டை காயுது."

வேன்காரி டம்ளரை எடுத்து அவள் உதட்டில் வைத்தாள். புருஷனுக்குக் கொடுத்துப் பழகிய கை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ரேடியோ குடித்து முடித்து, போதும் என்று தலையசைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேன்காரி ஃபேக்டரிக்குப் போனாள். சூப்பர்வைசர் பேரைக் கேட்டுவிட்டு வரிசையின் நடுவில் இருந்த ஒரு மிஷினைக் கையால் காட்டினார். பக்கத்து மிஷின்களில் இருந்தவர்கள் அவள் வேனில் தூங்கிப் போனவர்கள்தான். நகர்ந்து வழிவிட்டார்கள்; அவ்வளவுதான். ஸ்டூலின் உயரம் அவளுக்குச் சரியாக இல்லை. முதல் காலர் கோணியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அதுவும் கோணியது. நகத்தால் முனையை நீவிக்கொண்டு மூன்றாவதை ஊசிக்கடியில் வைத்தாள்.