பன்னிரண்டு கட்டு ஃபோம் அட்டை

என் ஓரகத்தி சல்வானியை எனக்குப் பிடிக்காது. இதை மென்று முழுங்கிச் சொல்லி என்ன ஆகப் போகிறது? மலேசியாவில், ஷா ஆலமில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அவள் எட்டாவது மாடி, நான் மூன்றாவது மாடி. என் கணவர் கமாருலின் அண்ணன் மனைவி. நோன்புப் பெருநாளுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஏறுவார்கள். அங்கே ரெண்டாங் இறைச்சிக் கறி சாப்பிட்டு, திரைச்சீலையைத் தடவிப் பார்த்து, வயிறு நிறைந்த பிறகு என் வீட்டுக்கு இறங்குவார்கள். நான் விடிய எழுந்து சமைத்தது அப்படியே கிடக்கும்.

போன பெருநாளுக்கு அவள் வீட்டில் எல்லாம் பச்சை. திரை, மெத்தை உறை, பலகார டப்பாவின் மூடி வரை பச்சை. மாமியார் நாலு பேரிடம் அதைச் சொன்னார், நாலு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். என் வயிறு எரிந்தது.

அதனால் இந்தப் பெருநாளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே என் மகள் இர்தினாவின் அறையில் வேலையைத் தொடங்கினேன். விருந்தாளிகள் தொழுவது அந்த அறையில்தான், எல்லார் கண்ணும் படும். செங்கல் அச்சுப் போட்ட வெள்ளை ஃபோம் அட்டை வாங்கினேன். பின்னால் பசைத்தாளை உரித்து ஒட்டினால் போதும். குளியலறைப் பக்கத்துச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஓர் ஈரக் கறை இருந்தது.

"முதல்ல கசிவப் பாப்போம், ரொஹாயா. அப்புறம் ஒட்டு," என்றார் கமாருல்.

"ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது? உங்க அண்ணி சுவத்த வந்து நோண்டியா பாக்கப் போறாங்க?"

ஒட்டினேன். அறை பளிச்சென்று ஆனது. சல்வானி ஒருநாள் இறங்கி வந்தாள், அட்டை மேல் ஒரு விரலை ஓட்டினாள், "ம், வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள். அவ்வளவுதான். பாராட்ட அவளுக்கு வாய் வலிக்கும்.

மழைக்காலம் வந்தது. துவைத்த துணியை வெளியே போட வழியில்லை. இர்தினாவின் அறையிலேயே கொடி கட்டி, சன்னலைச் சாத்தி, குளிர்சாதனத்தை, அதான் ஏர்கானை, போட்டுக் காயவைத்தேன். இங்கே பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. கொஞ்ச நாளில் அறையில் ஊறிய செருப்பு வாடை. ஏர்கானின் வாயிலேயே ரோஜா வாசனை அடித்துவிட்டேன். மணந்தால் சுத்தம் என்பது என் கணக்கு.

இர்தினாவுக்கு ஆறு வயது. இருமல் அப்போதுதான் ஆரம்பித்தது. சனி ஞாயிறு சல்வானி பெரியம்மா வீட்டில் போய்ப் படுப்பாள். திங்கட்கிழமை இறங்கி வரும்போது நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது.

"பெரியம்மா வீட்ல இருமலே வரல மா."

"அப்படி என்னத்தக் குடுத்தா உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கல. காலைல சன்னல் எல்லாத்தையும் தொறந்து விடுவாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் ஏர்கான் மூடியக் கழட்டி உள்ள இருக்கற வலையக் கழுவுவாங்களாம். காயவெச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்!"

என் வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவள் அங்கே எடுபிடி வேலை செய்கிறாள்! மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவளுக்கு என் ஒரே பெண் மேல் கண். என் வீட்டுக் காற்று என் பிள்ளைக்கு ஆகாதாம், அவள் வீட்டுக் காற்று ஆகுமாம். இனி எட்டாவது மாடிப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டே வாரம். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. கிளினிக்கில் மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அவள் விலா உள்ளே போய்ப் போய் வந்தது.

"வேற எங்கயாவது தங்கினா இருமல் கொறையுதா?" டாக்டரம்மா கேட்டார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சல்வானி ஜெயித்துவிடுவாள். நம்புங்கள், என் பிள்ளை மூச்சுக்கு அல்லாடும்போது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

"எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான், டாக்டர்."

இர்தினா மூடியை இழுத்து விலக்கினாள். "இல்ல மா. பெரியம்மா வீட்ல வராதுன்னு சொன்னேன்ல."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "புள்ள படுக்கற அறை சுவத்தப் பாருங்கம்மா. ஏர்கானத் தொறந்து பாருங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூடத்தில் படுக்கவைத்துவிட்டு, ஒரு துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். கட்டில் தலைமாட்டில் அட்டையின் மூலையைப் பிடித்து இழுத்தேன். பிசுபிசுவென்று உரிந்து வந்தது. தட்டு அகலம் இருந்த கறை கட்டில் நீளத்துக்குப் பரவியிருந்தது. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், சுவர் முழுக்க. என் மகள் தலையணையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். கமாருல் ஏர்கான் மூடியைக் கழற்றினார். வலையில் தூசி ஈரத்தோடு அப்பிக் கிடந்தது, அதன் மேல் என் ரோஜா மணம்.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னீங்க. கசிவப் பாக்க ஆளக் கூப்பிடுங்க."

சுவர் காய எப்படியும் ஒரு வாரம் ஆகும். அதுவரை பிள்ளை எங்கே படுப்பாள்? ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவள் மாற்றுத் துணியைப் பையில் போட்டேன். அவள் தலையணையை எடுத்துப் போகவில்லை, அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். மின்தூக்கியில் ஏறும்போது என் முகம் எப்படி இருந்ததென்று தெரியவில்லை, இர்தினா என் கையை விடவே இல்லை.

சல்வானி கதவைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். உடனே அவளைத் தூக்கிக்கொண்டாள். அவள் பின்னால் நடையில், சுவரோரமாக, பிரிக்காத கட்டுகள் அடுக்கியிருந்தன. பன்னிரண்டு. வெள்ளைச் செங்கல் அச்சு.

"பாக்காத," என்றாள், முகம் சிவந்துபோய். "ஒன் ரூமப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே ஆறல. உள்ள மூணு ரூம்லயும் நாளைக்கு ஒட்டப் போறேன். பெருநாளுக்கு மாமி ஒன் வீட்டையே சொல்லிக்கிட்டிருப்பாங்களேன்னு..."

குளியலறையை ஒட்டிய அவள் வீட்டுச் சுவரும் என் சுவரும் ஒரே வரிசைதான். அதே குழாய்தான் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் நின்றேன். ஒட்டட்டும், அடுத்த மழைக்கு அவளுக்கும் தெரியட்டும் என்று.

அப்போது இர்தினா அவள் தோளில் தலையைச் சாய்த்து, நெஞ்சில் சத்தத்தோடு மூச்சை இழுத்து விட்டாள்.

"ஒட்டாதீங்கக்கா," என்றேன். "கீழ வந்து என் சுவத்தப் பாருங்க. எம்புள்ள நெஞ்சுல எறங்கினது அதுதான். நான்தான் பண்ணேன். இங்க அவளுக்கு மூச்சு நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் அனுப்பாம வெச்சிருந்தேன்."

சல்வானி திரும்பி அந்தக் கட்டுகளைப் பார்த்தாள். பிறகு, "திருப்பிக் குடுத்தா கடைக்காரன் வாங்குவானா?" என்றாள்.

பெருநாளன்று என் வீட்டில் தொழ வந்தவர்கள் சுண்ணாம்பு மட்டும் அடித்த வெறும் சுவரைப் பார்த்தார்கள். சன்னல் அகலத் திறந்திருந்தது. மாமியார் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இர்தினா எட்டாவது மாடி வரை படியிலேயே ஓடி ஏறினாள், பெரியம்மாவுக்கு முதலில் சலாம் சொல்ல. நான் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு இருமல்கூட இல்லை.